புகைச்சட்டியைத் தூக்கிப்போன நர்ஸம்மா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். லைட்ஹவுஸ் குப்பத்தில் என்னோடு கருவாடு காயப்போடுகிற பெண்களில் என் வாயில் விழாதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட என் வாயை அடைத்தவர் எங்கள் ஊருக்கு வருகிற கிராம நர்ஸம்மாதான்.

போன மழைக்காலத்தில் குப்பம் முழுக்க ஃப்ளூ காய்ச்சல். என் வீட்டுக்காரர் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர். மழைக்குத் தார்ப்பாய் கட்டி, அதற்குள்ளேயே உட்கார்ந்து தூசி பறக்கத் தேய்த்துவிட்டு வந்து படுத்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. குளிர் அடங்கட்டும், கொசுவும் போகட்டும் என்று கதவைச் சாத்தி, சட்டியில் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகை மூட்டினேன். நனைந்த மட்டை லேசில் பற்றாது. எங்கள் வீடுகளில் அதற்குக் கிழிந்த வலைத்துண்டைத்தான் செருகுவோம். நைலான் குப்பென்று பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் காலை அவருக்கு மூச்சு வாங்கியது. 'தண்ணி' என்று தொடங்கி 'குடு' என்பதற்குள் நின்றுபோனார். நர்ஸம்மாவைக் கூட்டிவர ஓடினேன்.

வந்தவர் வாசலிலேயே இருமினார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மழையில் வைத்தார். ஜன்னலைத் திறந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

“இன்னாம்மா பண்றீங்க, குளுருல நடுங்கினுகீறாரு” என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. “மத்தி காஞ்சதும் ஏன் இறுக்கிக் கட்டி வைக்கிறே?” என்று கேட்டார்.

“காத்து பட்டா மஞ்சளாயி காறிப்பூடும்.”

“அந்தக் காத்துல இருக்கிற ஆக்ஸிஜன்தான் மீனோட கொழுப்பைக் கெடுக்குது. கிருமி வந்தா நம்ம மூச்சுக்குழாயே கொஞ்சம் ஆக்ஸிஜனுக்குக் கோவத்தை ஏத்தி அதும்மேல ஏவி விடும். அளவா இருந்தா கிருமி அடங்கும். மீறிட்டா சொந்த நுரையீரலையே காற வச்சிடும். இந்தப் புகையும் படகுத் தூசியும் அந்தக் கோவத்தை இன்னும் ஏத்துது.”

கொழுப்பு கெட்ட காறல் வாடையை மோந்தே கண்டுபிடிக்கிறவள் நான். ஒரு மூட்டையில் நாலு மத்தி காறியிருந்தாலும் தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். அது ஒரு மனுஷன் நெஞ்சுக்குள்ளும் நடக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிருமியை விரட்ட இந்த உடம்புக்கு எவ்வளவு சாமர்த்தியம் என்று அசந்துபோனேன்.

ஆம்புலன்ஸில் அவருக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். “கெடுக்குறதும் அதுதான்னீங்க, இப்ப குடுக்குறதும் அதுதானா?” என்று கேட்டேன்.

“இது கோவம் ஏறாத ஆக்ஸிஜன்” என்றார் நர்ஸம்மா. நனைந்த புடவையோடு அவரும் பொன்னேரி ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தார்.

“நான் போட்ட புகையாலதான் இப்படி ஆச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். “காய்ச்சல் கிருமியால வந்துச்சு. ஜாஸ்தியானதுல உன் புகைக்கும் பங்கு இருக்கும். இனிமே போடாதே” என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டவர், ஆஸ்பத்திரி வாசல் வரை விடவே இல்லை. அந்த ஒரு பதிலுக்காகவே அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலம் கொசு மொய்த்தது. சட்டி எங்கே என்று என் வீட்டுக்காரர் கண்ணால் தேடினார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை நானே கொல்லப் பார்த்தேன் என்று அழுதேன்.

“இருவது வருசமா உன் கோவத்தையே உள்ள இழுத்துனுகீறேன், அதுக்கே காறாத நெஞ்சு ரெண்டு நாள் புகைக்கா காறிப்பூடும்?” என்றார்.

நல்லா நாலு வார்த்தை திட்டத்தான் வாயெடுத்தேன். அவ்வளவு நீளமாகப் பேசியும் அவர் நடுவில் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.