கண்ணாடிக் கடைக்காரரின் காற்றுமானி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நாற்பது வயதிலேயே தலை வழுக்கை. கடையில் திரும்பிய பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி, அதனால் விக் வைத்துக்கொண்டார். மச்சான் கல்யாணத்தில் குடும்பமே வரிசையாக நின்று போட்டோவுக்குச் சிரித்த நேரம் பார்த்து, ஒரு காற்று அதைத் தூக்கிப் பெண்வீட்டார் மடியில் போட்டது. அன்றிலிருந்து காற்று அவருக்கு ஜென்ம விரோதி.

மொட்டை மாடியில் வானிலைக் கருவி ஒன்றை மாட்டினார். அதில் மூன்று கிண்ணங்கள் காற்றில் சுழலும். சுற்றுக்குச் சுற்று உள்ளே ஒரு காந்தம் கணக்குச் சொல்ல, வேகம் செல்போனில் வந்து நிற்கும். சராசரிக்கு ஓர் எண், திடீர் வீச்சுக்கு இன்னோர் எண். ஆரம்பத்தில் சராசரியை நம்பிக் கிளம்பி, விக்கைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடினார். பிறகுதான் விளங்கியது: பல நிமிஷக் காற்றைக் கூட்டி வகுத்தால் பரம சாதுவாகத்தான் தெரியும், நடுவில் சில நொடி வந்துபோகிற வீச்சுதான் தலையில் கைவைக்கும்.

பூசணிக்காய்க்கு விக் மாட்டி, மாடியிலிருந்து கழற்றி வந்த கருவியையும் பக்கத்தில் வைத்து, மேசை விசிறியைத் திருகிப் பார்த்தார். வீச்சு மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தொட்டதும் விக் கிளம்பியது. கருவியைத் திரும்ப மாடியில் மாட்டினார்; அதன்பின் முப்பது என்றால் கடைக்கு லீவு. மழைக்குக்கூட அசராத கடையைக் காற்றுக்கு மூடுகிறாரே என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருநாள் மரமெல்லாம் பேயாட்டம் ஆடியது; செல்போனோ ஐந்து என்றது. மச்சானைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சா காத்து எப்படி மாமா படும்?" என்றான் மச்சான்.

இருவருமாகக் கருவியை நீளக் கம்பியில் கட்டித் தொட்டிக்கு மேலே நிறுத்தினார்கள். நிறுத்திய கையோடு வந்த வீச்சில் விக் எழும்பிப் போய்க் கிண்ணங்களில் சுற்றிக்கொண்டது. சுழற்சி நின்றது. சட்டை படபடக்க இருவரும் செல்போனைக் குனிந்து பார்த்தார்கள். பூஜ்யம்.

"காத்து சுத்தமா நின்னுடுச்சு மாமா."

"அப்ப கடையத் தொறந்துடலாம்" என்று பழக்கதோஷத்தில் நிம்மதியாகி, வழுக்கைத் தலையோடு இறங்கிப் போனார் அவர். கடையில் அவரைக் கண்ட வாடிக்கைக்காரப் பெண்மணி, முகம் எடுப்பாக இருக்கிறதே, புது ஃபிரேமா என்று விசாரித்து, அதே மாதிரி ஒன்று வாங்கிப் போனாள்.

சாயங்காலம் விக்கை எடுக்க மனைவி கொம்பும் ஏணியுமாக மாடிக்குக் கிளம்பினாள்.

"அது அங்கயே இருக்கட்டும்மா" என்று தடுத்தார் அவர். "காத்து இல்லாத நாள்லதான் வியாபாரம் நடக்குது."