யாரும் சொல்லித்தராத வரிசை

பென்னாகரம் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. போன வருடம் சாதியைச் சொல்லி இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். "எல்லா வகுப்புலயும் இதைப் பத்திப் பேசுங்க" என்றார் தலைமையாசிரியர். எனக்கு அலுப்பாக இருந்தது. என் பத்தாம் வகுப்பில்தான் சாதியே கிடையாதே!

அதைக் காட்டுவதற்காகவே பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பி, "திரும்பி வந்து இஷ்டப்பட்ட இடத்துல உக்காருங்க" என்றேன்.

வந்தார்கள். ஒரு பேச்சில்லை, இடத்துக்கு ஒரு தள்ளுமுள்ளு இல்லை. ஊர்ப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம், காலனிப் பிள்ளைகள் சுவர் பக்கம். நடுவில் ஒரு வரிசை பெஞ்சு காலி. மறுபடி வெளியே அனுப்பினேன். மறுபடியும் அச்சு மாறாமல் அதே இடம். கண்ணுக்குத் தெரியாத யாரோ நின்று கைகாட்டுவது போல இருந்தது.

"யாரு இப்படி உக்காரச் சொன்னது?"

சுவர் பக்கமிருந்து பவித்ரா எழுந்தாள். "நீங்கதாங்க டீச்சர். தண்ணி கொண்டாரச் சொல்லணும்னா ஜன்னல் பக்கந்தான் பாப்பீங்க. எங்க பக்கம் ஒருநாளும் பாத்ததில்லீங்க."

மறுக்க வாயெடுத்தேன். அவர்களில் ஒருவரையாவது அனுப்பியிருக்கிறேனா என்று யோசித்தேன். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"நெசந்தான்" என்றேன்.

அதன்பிறகுதான் பிள்ளைகள் பேசினார்கள், ஜன்னல் பக்கத்தவர்களும். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

சாதி பார்ப்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.