முழங்காலில் ஒரு ரூபாய் அளவு பள்ளம்

ஏற்காட்டு மலையில் பதினோரு வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கிறேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு மாதாந்திரப் பரிசோதனை, பிள்ளை பெற்றவளை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது, இவைதான் என் வேலை. ஸ்கூட்டர் போகும் தூரம் வரை ஸ்கூட்டர், அதற்குமேல் கால். என் கால்களை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

வைகாசியில் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெள்ளக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் சில்வர் ஓக் இலைகள் நனைந்து சாலையோடு ஒட்டிக் கிடந்தன. ஸ்கூட்டர் வழுக்கியது. நான் தடுப்பூசிப் பெட்டியைக் காப்பாற்றப் பார்த்தேன், முழங்காலைக் கவனிக்கவில்லை. இடது முழங்கால் ஓரக்கல்லில் மோதியது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்றேன், நடக்க முடிந்தது. அடுத்த மூன்று மாதம் முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் ஒரு வாரத்திலேயே பிடித்துச் சேலத்துக்கு அனுப்பியிருப்பேன்.

ஆவணியில் ஒருநாள் கிளியூரில், பிறந்து பத்து நாளான குழந்தையைப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கும்போது முழங்கால் பாதி மடிந்த நிலையில் அப்படியே பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. பச்சை உடம்புக்காரி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், என்னைய நடக்காதீங்கன்னு சொல்லிப்போட்டு நீங்க இப்புடி நிக்கறீங்க?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காலை மெல்ல ஆட்டினேன், பூட்டு விட்டது. அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். பேச்சு குறைவு. "நாளைக்கே போலாம்" என்றார், அவ்வளவுதான்.

சேலத்தில் எலும்பு மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். தொடை எலும்பின் முனையில், வழுவழுப்பாக இருக்க வேண்டிய குருத்தெலும்பில் ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது.

"ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பள்ளம், சிஸ்டர். தோல் கிழிஞ்சா ஆறிடும், எலும்பு முறிஞ்சாலும் கூடிடும். குருத்தெலும்புல ரத்த ஓட்டம் கிடையாது. அது தானா ஆறாது. இப்படியே விட்டா ஓரமெல்லாம் தேய்ஞ்சு பள்ளம் பெரிசாகும்."

பிறகு வழிகளைச் சொன்னார். எலும்பில் சிறு துளைகள் போட்டு அங்கே கசியும் ரத்தத்தை உறைய வைப்பது ஒரு வழி. பள்ளம் சின்னதாக இருந்தால் அது போதும். என்னுடையதற்கு அவர் வேறொன்றைச் சொன்னார். என் முழங்காலிலேயே பாரம் தாங்காத ஓர் ஓரத்தில் அரிசி மணி அளவு குருத்தெலும்பை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதிலுள்ள செல்களைப் பிரித்து, சில வாரம் வளர்த்துப் பெருக்குவார்கள். அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து பள்ளத்தில் வைத்துப் பசைபோன்ற ஒன்றால் உறைய வைப்பார்கள். இரண்டு அறுவை சிகிச்சை. பழையபடி மலை ஏற ஒரு வருடம்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். இதை அவரே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எது தப்பாகப் போகலாம், செல்கள் ஒட்டாவிட்டால் அடுத்து என்ன. அவர் சலித்துக்கொள்ளவில்லை.

"எல்லாருக்கும் நூத்துக்கு நூறு சரியாகும்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு வயசு முப்பத்தாறு, ஒரே ஒரு பள்ளம், ஜவ்வெல்லாம் நல்லா இருக்கு. இதுக்கு ஏத்த முழங்கால் உங்களுது."

முடியும் என்று சொல்பவரைவிட எவ்வளவு முடியும் என்று சொல்பவரை நம்பலாம். அங்கேயே சரி என்றேன்.

புரட்டாசியில் முதல் அறுவை சிகிச்சை. சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு, அந்த அரிசி மணியை எடுத்துக்கொண்டு மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஐந்து வாரமும் துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதினேன். என் உடம்பின் ஒரு துணுக்கு ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தட்டில் பெருகிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வேலைக்கு நடுவே வரும். பயம் வரவில்லை. வெளியூரில் படிக்கும் பிள்ளையைப் பற்றிய நினைப்பு மாதிரி இருந்தது.

இரண்டாவது அறுவை சிகிச்சை ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது. புதன்கிழமை மதியம் வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய் முழுக்க மழை. புதன் காலை அடிவாரம் போகும் பெரிய சாலையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"செல்கள் ஆய்வகத்துலேருந்து கிளம்பிடுச்சு. சாயங்காலம் இங்க வந்துடும். நாளைக்கு வைக்கலேன்னா கெட்டுப்போயிடும். மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும், சிஸ்டர்."

காலாவதி என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "வந்துடறேன் சார்" என்று வைத்தேன். கணவர் அதற்குள் ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கும் சாலை திறந்திருந்தது. அந்த வழியில் கிளம்பினோம்.

கொட்டச்சேட்டைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு பஸ்ஸும் நாலைந்து பைக்கும் நின்றன. அந்தப் பக்கம் சேலத்திலிருந்து வந்த காய்கறி டெம்போ ஒன்று. காப்பிப் பழம் பறிக்கப் போன பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கிக் குடை பிடித்து நின்றிருந்தார்கள். பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மரம் அறுக்கும் மெஷினுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அது வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

"டெம்போக்காரர் திரும்பித்தான் போகோணும். அவர்கிட்ட சொல்றேன். நீ அந்தப் பக்கம் போனாப் போதும்" என்றார் கணவர். மரத்தின் மேல் ஏற என் முழங்கால் விடாது. வேர்ப்பக்கமாகக் காப்பிச் செடிகளுக்குள் சுற்றிப் போகலாம். ஆனால் அங்கே சேறு. வழுக்கி விழுந்தால் எல்லாம் போச்சு.

அங்கிருந்த பெண்களில் பாதிப்பேரின் பிள்ளைகளுக்கு நான்தான் ஊசி போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி, நல்ல உயரம், பலமான தோள், என்ன ஏது என்று விசாரித்தாள். சொன்னேன். அவள் நேரே மேலே இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உக்காருங்க சிஸ்டர்."

"வேண்டாங்க அக்கா, நான் மெதுவா..."

"எங்க புள்ளைங்களைத் தோட்டம் தோட்டமாத் தொரத்தி ஊசி போட்டீங்களே, நாங்க வேண்டாம்னா கேட்டீங்களா? உக்காருங்க. இன்னைக்கு எங்க மொற."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் உட்கார்ந்தேன். நான்கு பெண்கள் நாற்காலியின் காலுக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு சிறுபெண் என் தலைக்கு மேல் குடை பிடித்தபடி பக்கவாட்டில் நடந்தாள். கணவர் என் பையோடு முன்னால் போய்ச் செடிகளை விலக்கிப் பிடித்தார். மற்றவர்கள் நிற்க நான் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். முதல் சில அடிகள் வெட்கமாக இருந்தது. பிறகு, சேற்றில் அவர்களுடைய பாதங்கள் ஒவ்வொன்றாக அழுந்தி நிற்பதைப் பார்த்தேன். அந்தச் சரிவில் தினமும் ஏறி இறங்கும் பாதங்கள். இவர்கள் என்னைக் கீழே விடமாட்டார்கள் என்று தெரிந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்திக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தேன், டெம்போவின் முட்டைக்கோஸ் வாசனையோடு.

மறுநாள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். "சார், வைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதரம் காட்டுங்க" என்று கேட்டிருந்தேன். மருத்துவர் மறக்கவில்லை. உதவியாளரிடம் சிறிய குப்பியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அடியில் கலங்கலாகக் கொஞ்சம் திரவம். தினமும் நான் கையாளும் தடுப்பூசிக் குப்பியைவிடப் பெரிதில்லை.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான். லட்சக்கணக்குல இருக்கீங்க அதுக்குள்ள."

பள்ளத்தின் ஓரங்களைச் சுத்தப்படுத்தி, செல்களைப் பசையோடு கலந்து நிரப்பினார். அது உறையும் வரை சில நிமிடம் என் காலை அசையாமல் பிடித்திருந்தார்கள். பிறகு காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "உக்காந்துடுச்சு" என்றார்.

செல்களை வைத்தது அவர் வேலை. காப்பது என் வேலை. ஆறு வாரம் ஊன்றுகோல். தினமும் பல மணி நேரம் காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினில் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதை வாடகைக்கு எடுத்துக் கட்டிலோடு பொருத்தினோம். அது உறுமிக்கொண்டே என் காலை ஆட்டும். கணவர் சமைத்தார். ரசம் நன்றாக வைப்பார், மற்றதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சேலத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் வாரம் இருமுறை வீடியோவில் வந்து பயிற்சி சொல்லுவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கண்டிப்பு என்னைவிடப் பத்து மடங்கு.

நான்காம் மாதம் ஒரு தப்பு செய்தேன். ஊன்றுகோல் போயிருந்தது, வலி இல்லை, சமதரையில் நன்றாக நடந்தேன். கிளியூரில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று செய்தி வந்தது. வேறு செவிலியரை அனுப்பியிருக்கலாம். நானே சரிவில் இறங்கினேன். அவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு வீடு திரும்பியபோது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வீடியோவில் காட்டினேன்.

"மேடம், மாத்திரையைப் பாதியில நிறுத்துனா உங்க ஊர் ஜனங்களை என்ன சொல்லித் திட்டுவீங்க?"

சொன்னேன்.

"அதையே நான் சொன்னதா வெச்சுக்குங்க. அது இன்னும் பச்சைப் புள்ளை. நடக்கற வயசு வரல."

அந்த ஒரு வாரம்தான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. எல்லாம் உதிர்ந்துபோயிருக்குமோ என்று காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் வைத்தேன், காலை உயர்த்திப் படுத்தேன். வீக்கம் வடிந்தது. மருத்துவரும் பார்த்துவிட்டுக் கெட்டுப்போகவில்லை என்றார். அதன்பின் சொன்னபடி நடந்தேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தார். பள்ளம் இருந்த இடம் நிரம்பியிருந்தது. சுற்றியுள்ளதோடு ஒப்பிட்டால் நிறம் சற்று வேறு. "மேடு பள்ளம் இல்லாம இருக்கு. இனி மலை ஏறுங்க. ஓட்டப்பந்தயம் மட்டும் வேண்டாம்" என்றார். இறங்கும்போது ஆஸ்பத்திரிப் படிகளை ஒவ்வொன்றாக, கைப்பிடியைத் தொடாமல் இறங்கினேன். நெடுநேரம் குந்தி உட்கார்ந்தால் இப்போதும் உள்ளே ஓர் இறுக்கம் தெரியும். அதைத் தவிர என் முழங்காலைப் பற்றி நான் நினைப்பதே இல்லை.

மற்றவர்கள்தான் நினைக்கிறார்கள். போன மாதம் வெள்ளக்கடையில் தடுப்பூசி முகாம் முடிகிற நேரம், அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் வில்லாக வளைந்திருந்தன.

"ஏனுங் சாமி, உன்ர காலுல ஏதோ வெத போட்டு மொளைக்க வெச்சாங்களாமே? எனக்கும் போடச் சொல்றியா? ஊட்டுல ரெண்டு எட்டு வெக்க முடியல. நொம்ப வலி."

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அவருக்கு அது ஆகாது என்பது பார்த்தாலே தெரிந்தது. "அம்மா, எனக்கு ஒரு எடத்துல மட்டும் பள்ளம். நல்ல தரையில ஒரு குழி மாதிரி. உங்களுக்குத் தரை முழுக்கத் தேஞ்சிருக்குதுங்க. வெதச்சாலும் நிக்காது" என்றேன்.

அவர் முகம் வாடியது. "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

"இருக்குதுங்க. செவ்வாக்கெழமை எலும்பு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். தேஞ்ச முட்டிக்கு வேற வைத்தியம் இருக்கு. அதுவரைக்கும் தொடைக்குப் பலம் வேணும். இப்புடி நீட்டுங்க."

அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து என் இடது காலை நேராக நீட்டிக் காட்டினேன். அவர் தன் காலை நீட்டினார். பாதிதான் எழுந்தது, நடுங்கியது.

"எத்தன நேரம் வெச்சிருக்கோணும்?"

"பத்து எண்ணுங்க."

அவர் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஆறில் கால் இறங்கிவிட்டது. நாளைக்கு ஏழு வரும் என்று சொல்லிவிட்டு, அவர் பெயரை என் நோட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.