பெரிய கிராணி கொடுத்த போர்வை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, நாங்கள் பெரிய கிராணி என்று கூப்பிடுகிறவர், மனைவியோடு வீட்டுக்கு வந்தார். வந்தார், டீ குடித்தார், போனார் என்று இந்த வாரப் பத்தியில் இரண்டு வரி எழுதிவிட்டு, வழக்கம்போல பஸ்காரர்களைத் திட்டப் போய்விடலாம்தான். முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. தலைச்சன், பெண். அவளுக்குக் கட்டில் வாங்கியபோதே எனக்கும் என் மனைவி கமலாவுக்கும் தகராறு. கிளினிக்கில் மிஸ்ஸி, அதான் நர்ஸ், அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: மெத்தை கெட்டியாக இருக்கணும், தலையணை கூடவே கூடாது. அவ்வளவுதான்! சிராங்கூன் ரோட்டுக் கடையில் இவள் ஒவ்வொரு மெத்தையிலும் முஷ்டியை வைத்து அழுத்துகிறாள். கடைக்காரர் இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துப் போட்டு, "தொட்டுப் பாருங்கம்மா, பூ மாதிரி இருக்கும்" என்கிறார்.

"புள்ள மூஞ்சி அதுக்குள்ள பொதைஞ்சா?" என்றாள் கமலா.

கடைசியில் ஒரு தேங்காய்நார் மெத்தையும், நாலு பக்கமும் இழுத்துச் செருகுகிற பருத்தி விரிப்பும்தான் வாங்கினோம். எனக்கு ஒரே மானக்கேடு. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி மொட்டையாக இருக்கிறதே... பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

முப்பதாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்கள். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு குட்டி உருட்டுத் தலையணை. பெரிய கிராணியால் அன்றைக்கு வர முடியவில்லை; ஆள் மூலம் ஒரு சாட்டின் போர்வை கொடுத்தனுப்பினார். ரோஸ் கலர். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதற்குள் முட்டையை வைத்தால் அவிந்துவிடும்! கமலா எல்லாவற்றையும் அலமாரியில் போட்டு மூடிவிட்டாள்.

நம் ஆட்களுடைய வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தவர் வருகிறார் என்றால், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் நிற்போம். டம்ளர் கொடுத்தவருக்கு அவர் கொடுத்த டம்ளரில்தான் டீ. இல்லாவிட்டால் அவர் மனசு நோகுமாம். அப்படியிருக்க, போர்வை கொடுத்தவர் — அதுவும் என் மேலதிகாரி — வருகிறார். கட்டில் மொட்டையாகக் கிடக்கலாமா?

கமலா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் அலமாரியைத் திறந்தேன். குழந்தை நல்ல தூக்கம். இந்தப் பக்கம் ஒரு தலையணை, அந்தப் பக்கம் ஒரு தலையணை. மேலே கழுத்துவரை சாட்டின். தள்ளி நின்று பார்த்தேன். காலண்டர் படம் போல இருந்தது. அடேயப்பா, எனக்கு எவ்வளவு பெருமை!

அவர்கள் வந்தார்கள். ஹாலில் உட்கார வைத்து, புது வீட்டில் காற்று எப்படி வருகிறது என்பதைப் பற்றி நான் அளந்துகொண்டே இருந்தேன். பிறகுதான், "வாங்க சார், பாப்பாவைப் பாருங்க" என்று அறைக்குள் கூட்டிப்போனேன்.

கட்டிலில் போர்வை இருந்தது. முகத்தைக் காணோம். போர்வை லேசாக அசைந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஒளிஞ்சு விளையாடுறா சார்!" என்றேன்.

பின்னால் டீத் தட்டோடு வந்த கமலா, தட்டை அப்படியே தரையில் போட்டாள். பாய்ந்து போர்வையை இழுத்தாள். குழந்தையின் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அப்புறம் வீறிட்டாள் பாருங்கள் — அந்த அழுகையைப் போல இனிமையானதை நான் கேட்டதே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். முடியவில்லையே! வந்தவர்கள் முன்னால் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "ஏன் கமலா, பார்த்துப் போர்த்தக் கூடாதா?" என்று கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பரவால்லலா, புள்ளதான் நல்லா அழுவுதே" என்று பெரிய கிராணி சமாதானம் சொன்னார். அவர் மனைவியும், "புதுசா புள்ள பெத்தவ, போகப் போகக் கத்துக்குவா" என்று கமலாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பெரிய கிராணி கீழே கிடந்த போர்வையை எடுத்துத் தடவிப் பார்த்தார். "நல்ல சாட்டின். எங்க வாங்குனீங்க தம்பி?"

அவர் மனைவி இருமினார்.

அவர்கள் போன பிறகு கமலா சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் விரிப்பை உதறி, பழையபடி இழுத்துச் செருகினாள். குழந்தையைப் போட்டாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இனிமே யாராச்சும் வந்தா, புள்ளைய நான் தூக்கிட்டு வந்து காட்டுறேன். நீங்க போர்வையைக் காட்டுங்க."

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "என்கிட்ட கேட்டு என்னாங்க ஆவப்போவுது?" என்றாள். நியாயம்தானே? அவளுக்குக் கெட்ட பெயர் வந்தது வேறு இரண்டு பேர் முன்னால் அல்லவா!

எங்கள் பெரிய கிராணி வாராவாரம் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர். படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டுவாராம்.

சார்... வீட்டில் அம்மாவிடமும் சொல்லுங்கள். அந்தப் போர்வையைப் போர்த்தியது நான்.