மேகமில்லாத படம்

அலுவலகத்தில் எதிரே நின்றால் அவள் மேடம். முதுகுக்குப் பின்னால் 'முரண்டு'. அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

செயற்கைக்கோள் படங்களில் எது நீர், எது நிலம் என்று பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வானில் மேகம் வந்து படத்தை மறைத்துத் தொலைக்கும். அதனால் ஒரு பருவத்துப் படங்களையெல்லாம் சேர்த்துப் பளிச்சென்று ஒரே படமாக்கினாள். மேகம் பச்சையாக இருக்காதே என்று, ஒவ்வொரு புள்ளியிலும் அதிகப் பச்சையாகத் தெரிந்த நாளையே எடுக்கச் சொல்லியிருந்தாள். ஆஹா ஓஹோ என்று பாராட்டினார்கள். வினையும் அங்கேதான் இருந்தது.

நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியில் முக்கால்வாசி நிலமாகிவிட்டது என்றது இந்த வருட வரைபடம். இயக்குநருக்கு வாயெல்லாம் பல். ஏரியை மூடிப் பேருந்து நிலையம் கட்ட மேலிடம் காத்திருந்தது. அவளோ மதகில் தண்ணீர் வழிவதைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவள். கலந்த படங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றில் மேற்குக் கரையோரம் பச்சை, அடுத்ததில் கிழக்குக் கரையோரம். ஆகாயத்தாமரை! காற்றடித்த பக்கமெல்லாம் மிதந்திருக்கிறது. போன இடமெல்லாம் வரைபடத்தில் நிலமாகிவிட்டது. தப்பு கணினியுடையதல்ல, அவளுடையது.

"நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதே," என்றான் கணவன்.

"என் தலையிலதானே போட்டுக்கறேன்? ஏரியில இல்லையே."

கூட்டத்தில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினாள். பச்சை நகர்ந்தது. "நிலம் எங்கயாச்சும் கரைக்குக் கரை நடக்குமா சார்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. "உங்க மாடல் தப்புன்னு நீங்களே சொன்னா நம்ம வரைபடத் திட்டத்தையே நிறுத்திடுவாங்க மேடம். இத்தனை வருஷ உழைப்பு! பேசாம இது இந்த ரூமோட இருக்கட்டும்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"காலையிலயே எல்லாருக்கும் அனுப்பிட்டேன் சார். குடிநீர் வாரியத்துக்கு, பத்திரிகைக்கு. என் பேரைப் போட்டு, தப்பு என்னோடதுன்னு எழுதி."

வரைபடத் திட்டம் அந்த வாரமே நின்றது. அவளை மாடிப்படி ஓரத்து மேசைக்கு மாற்றினார்கள். ஏரியில் ஒரு லாரி மண்கூட விழவில்லை.

மற்ற ஏரிகளின் வரைபடங்களையும் திருத்த அனுமதி கேட்டாள். கொடுக்கவில்லை. அனுமதி இல்லாமலேயே திருத்திக்கொண்டிருக்கிறாள்.