விறைத்த குதிகாலும் சுட்ட செங்கல்லும்

சுனாமிக்குப் பிறகு முகாமின் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நடந்து நடந்து எனக்குக் குதிகால் வலி வந்தது. யுத்தம் முடிந்த பிறகு, மட்டக்களப்பில் ஒரு டொக்டர் விறைப்பு ஊசி போட்டு, குதிகால் உணர்வில்லாமல் மரத்ததும் அதிர்வலை மெசினைப் பிடித்தார்.

"வீட்டில வேற வைத்தியம் ஏதும் செய்றீங்களா அம்மா?" என்று கேட்டார். வெட்கத்தில் இல்லையென்று தலையாட்டிவிட்டேன்.

தன்னாமுனையில் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலச் செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலை போட்டுக் குதிகாலை வைத்தேன். சூடே தெரியவில்லை. இன்னும் அழுத்தினேன்.

மருமகள் மணம் பிடித்து ஓடிவந்தாள். "மாமி, கால எடுங்க! கருவாடா சுடுறீங்க?"

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. புண் பெரிதாகியிருந்தால் காலே போயிருக்கும். ஒரு கொப்புளத்தோடு தப்பினேன்.

இப்போது டொக்டரிடம் மருமகளையும் கூட்டிப் போகிறேன். செங்கல் கதையைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்தான், அவள் சொல்லிவிடுவாள்.