இடது பக்கத்துக் கம்பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டது என் இடது காது. நான் மாற்றியது செம்புக் கம்பி. அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இப்படிப்பட்ட ஆள்தான் கொல்லிமலையில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறான். அந்தப் பிள்ளைகளை நினைத்து நீங்கள் கவலைப்பட்டால் தப்பே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் நாமக்கல்லில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மலையேறினோம். வளைவுகளில் எல்லோருக்கும் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் பட்டென்று திறந்துகொள்ளும். அன்று வலது காது திறந்தது, இடது திறக்கவில்லை. கொட்டாவி விட்டேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன், மிட்டாய் சப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. மலைக் காதுதானே, காலையில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இந்த மலைக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. அடைத்த காது திறக்காமலே போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். இடது ஸ்பீக்கர் மேல் யாரோ ஈரத்துண்டைப் போட்ட மாதிரி இருந்தது. நேற்று இடது காது அடைத்தது, இன்று இடது ஸ்பீக்கர் மங்குகிறது. இதைக் கூட்டிப் பார்க்க ஒன்றாம் வகுப்புக் கணக்கு போதும். எனக்கு வரவில்லை.

வராததற்குக் காரணம் போனில் இருந்தது. நல்ல ஓசைக்காக உயிரையும் விடுகிற ஆட்கள் கூடியிருந்த ஒரு குழுவில் நான் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஸ்பீக்கருக்குப் போகிற செம்புக் கம்பியில் இவ்வளவு சங்கதி இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்று ஒன்று. சுத்தத்தை ஒன்பதுகளில் சொல்வார்கள்; 99.99 சதவீதம் என்றால் நாலு ஒன்பது. நாலு ஒன்பது வைத்திருப்பவர் ஐந்து ஒன்பதுக்காரரைப் பார்த்து ஏங்குவார். கம்பியை இழுத்து மெல்லிசாக்கும்போது செம்பு இறுகிவிடும், பதமாகச் சூடேற்றி ஆறவிட்டால் திரும்ப இளகும். இதுவரைக்கும் பாடப்புத்தகம். அதற்கு மேலும் போனார்கள். கம்பியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தால் வயலின் இனிக்கும் என்றார்கள். ஓசை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உறை மேல் அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் கம்பியில் மின்னோட்டம் முன்னும் பின்னும்தானே போய் வருகிறது, அம்புக்குறி எதற்கு சார் என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டியிருப்பேன். நான் கேட்கவில்லை. காலையில் போர்டில் மூன்று மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடையைக் கணக்குப் போட்டு, "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் ஐந்து ஒன்பது கம்பிக்கு ஆர்டர் போட்டேன்.

"ஏனுங்க, அன்னைக்கு பஸ்ஸுல காது அடைச்சுதுன்னீங்களே, அதைப் போய்க் காட்டுனா என்னங்க?" என்றாள் மனைவி.

"காது நல்லாத்தான் இருக்குது. கம்பியிலதான் ஆக்ஸிஜன் இருக்குது."

"ஆக்ஸிஜன் இருந்தா நல்லதுதானுங்களே?"

விவரம் தெரியாதவளிடம் பேசி என்ன பயன் என்று பெருமூச்சு விட்டேன்.

புதுக் கம்பி வந்தது. மாட்டினேன். இடது பக்கம் மங்கல். குழுவில் கேட்டேன். கம்பி பழக வேண்டும், இருநூறு மணி நேரம் ஓடவிடுங்கள் என்றார்கள். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி கம்பியைப் பழக்கினேன். நான் ஸ்கூலுக்குப் போய்விடுவேன். அவள் பாவம், வீட்டில் வீணையோடும் மிருதங்கத்தோடும் கிடந்தாள். இதற்கிடையில் சன்னமாக உய்ங்கென்று ஓர் இரைச்சல் வேறு கேட்டது. எர்த் சரியில்லை என்று முடிவு செய்தேன். ஒரு நாள் கரண்ட் போன பிறகும் அது கேட்டது. அப்படியென்றால் சில்வண்டு என்று முடிவு செய்தேன். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் சுற்றிலும் நிற்கிற ஊரில் சில்வண்டுக்கா பஞ்சம்!

ஒரு காலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் துணி காயப்போடப் போயிருந்தாள். பாலைப் பார்க்கச் சொல்லிக் கொல்லைப்பக்கத்திலிருந்து மூன்று தடவை கத்தினாளாம். அவள் ஓடி வந்து பார்க்கும்போது பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். நான் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

"பாட்டு கேக்குது, நான் கத்துறது மட்டும் கேக்கலீங்களா?" ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க. நாளைக்கே நாமக்கல் போயிரலாம்."

"வியாழக்கிழம அடுத்த கம்பி வருது. அதைப் பாத்துட்டுப் போலாம்."

இதைச் சொன்ன வாயை என்ன செய்வது! இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முறையாகச் சோதித்தேன். இடது கம்பியை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினேன். அப்போதும் இடதுதான் மங்கல். ஆகவே இரண்டு கம்பியும் கெட்டது என்று கண்டுபிடித்தேன். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கடைசியாகத் தடித்த கம்பி ஒன்றை வாங்கி, அதுவும் சரிப்படாமல், நாமே சுட்டுப் பதப்படுத்தினால் என்ன என்று வாசலூர்பட்டி ரோட்டில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டுகிறவரிடம் எடுத்துப் போனேன். மரவள்ளிக் காட்டு மோட்டார்கள் எல்லாம் எரிந்து போனால் அவரிடம்தான் வரும்.

அவர் நுனியைச் சுரண்டிப் பார்த்தார். விரலில் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இது நல்ல செம்புங்க. பதமாத்தான் இருக்குது. இதுக்கு மேல சுட்டா மேல இருக்கற உறைதான் உருகும். என்னங்க கோளாறு?"

"இடது பக்கம் சத்தம் மங்கலா வருது."

"கம்பிய மாத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பொட்டிய?"

"அதையும் மாத்தியாச்சு."

"அப்பவும் இடதேதானுங்களா?" கம்பியைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார். "சாயங்காலம் ஊட்டுக்கு வாரேனுங்க."

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். தனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்றார். பழகாத காது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எழுந்து, நாற்காலியைத் தூக்கி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டுகிற மாதிரி போட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. இப்படித் திரும்பி உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தேன். எதிரே காலண்டர். இத்தனை நாள் மங்கிக் கிடந்த ஸ்பீக்கர் இப்போது என் வலது பக்கம் வந்து கணீரென்று பேசியது. நல்லது என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் மேல் ஈரத்துண்டு விழுந்திருந்தது.

"எரிஞ்ச காயில் எதுன்னு தெரியலீன்னா ஒவ்வொண்ணா மாத்திப் பாப்போமுங்க. நீங்களும் எல்லாத்தையும் மாத்துனீங்க, உங்கள மட்டும் மாத்தலீங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடமே விசாரித்தாள்.

நாமக்கல்லில் காது டாக்டர் என்னை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். வலதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடதுக்கு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஹெட்போனில் இடது பக்கக் கம்பி சரியில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா!

"எப்ப இருந்து இப்படி?"

"நாலு மாசமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "திடீர்னு இப்படி ஆனா, முதல் பத்துப் பதினஞ்சு நாளுக்குள்ள வரணும் சார். மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். எல்லாருக்கும் திரும்பாது, ஆனா பல பேருக்குத் திரும்பும். இப்ப அந்த நரம்பு போனது போனதுதான். இத்தனை நாளா என்ன பண்ணுனீங்க?"

கம்பியைப் பழக்கிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? வேலை அதிகம் என்றேன்.

மனைவி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். முதல் பதினைந்து நாள் என்பதையும் மறைக்கவில்லை. படியிறங்கி ரோட்டுக்கு வந்தோம். பக்கத்தில் பேசாமல் நடந்து வந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏதாச்சும் திட்டித் தொலையேன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணெல்லாம் ஈரம், வாய் அசைந்துகொண்டிருந்தது. அவள் நின்றாள். எனக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து திட்டிக்கிட்டுத்தானுங்க வாரேன்" என்றாள்.